எண்ணைக் கூட்டியும் நகம் கறுத்தது: ஓர் ஓட்டக் காலணியின் நிகழ்வு ஆய்வு

ஷூ பொருத்தம் பார்க்க என்னிடம் வந்தவருக்கு வயது 41, எடை 72 கிலோ. வாரத்துக்கு 30, 35 கிலோமீட்டர் ஓடுகிறவர். அரை மாரத்தான் ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். புகார்கள் மூன்று. வலது கால் இரண்டாம் விரலின் நகம் கறுத்திருந்தது. ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டினால் அதே காலில் விரல்கள் மரத்துப்போயின. இடது குதிகாலின் பின்பக்கம் உரசி உரசிக் கொப்புளம் போட்டது. மூன்றுக்கும் அவரே ஒரு காரணமும் வைத்திருந்தார்: ஷூ சின்னது. அதனால் அதே மாடலில் 8-ஐ விட்டுவிட்டு 9 வாங்கினார். நகம் மறுபடி கறுத்தது, மரத்துப்போவது புதிதாகச் சேர்ந்துகொண்டது. அடுத்து ஒன்பதரை வாங்கலாமா என்று கேட்கத்தான் வந்தார்.

“ஷூ ரொம்ப சொகுசா இருக்கு சார். போட்டுட்டு நின்னா மெத்தை மாதிரி. ஓட ஆரம்பிச்சாதான் கடிக்குது.”

ஷூவின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அது மட்டமான ஷூ அல்ல. வேறொரு காலுக்கு அதே ஷூ கச்சிதமாக உட்காரும். இந்தக் கால், இந்த ஷூ, இரண்டும் சேர்ந்து ஓடும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

புகாரை இடம் பார்த்துப் படிப்பது

‘விரல் மரத்துப்போகுது’ என்று சொன்னால் போதாது, எந்த விரல் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. கையில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்து, மரத்துப்போகும் இடத்தை அவர் காலிலேயே வரையச் சொன்னேன். முதலில் ஐந்து விரல்களையும் சேர்த்து ஒரு பெரிய வட்டம் போட்டார். “முதல்ல எங்க ஆரம்பிக்குது, அதை மட்டும் போடுங்க” என்றதும் கொஞ்சம் யோசித்து, பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு சிறிய முக்கோணம் வரைந்தார்.

அந்த முக்கோணம் முக்கியம். முன்பாதம் பக்கவாட்டில் நெருக்கப்பட்டால் பெரும்பாலும் மரத்துப்போவதோ எரிவதோ மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில். விரல் எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு அங்கேதான் நசுங்கி வீங்கும். மோர்ட்டன் நியூரோமா என்பது அதுதான். முதல் இரண்டு விரல்களுக்கு நடுவிலுள்ள தோலுக்கு உணர்வு தருவதோ வேறு நரம்பு. கணுக்காலின் முன்பக்கமாக இறங்கி, புறங்காலின் மேல் எலும்பை ஒட்டியே வருகிறது அது. மேலே அதை மூடும் தசை அதிகம் இல்லை. லேஸ் இறுக்கிக் கட்டப்படும் இடமும் அதே புறங்கால்தான். எனவே முக்கோணம் வரையப்பட்ட கணத்திலேயே சந்தேகம் ஷூவின் அகலத்தை விட்டு லேஸுக்கு மாறியது.

இன்னொரு தடயமும் அவர் வாயிலிருந்தே வந்தது. கடையில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு ‘உங்க பாதம் உள்பக்கமா சாயுது’ என்று சொல்லி, பாத வளைவைத் தாங்க ஷூவுக்குள் போடும் தடித்த இன்சோல் ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதைப் போட்ட பிறகு மரத்துப்போவது இன்னும் சீக்கிரம் வந்ததாம், கழற்றிவிட்டார். காலைக் கீழிருந்து தூக்கினால் மேலே லேஸ் இன்னும் அழுத்தும். அகலம் பற்றாததால் வந்த தொல்லை என்றால் இன்சோலின் தடிமனுக்கு அது இவ்வளவு உடனே பதில் சொல்லியிருக்காது.

பாதம் சாய்வதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஷூ வாங்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டே தீருவார்கள். ஈரக்காலைத் தரையில் பதித்து, தடம் பார்த்து, அதற்கேற்ற ஷூ கொடுக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அமெரிக்காவில் ராணுவம், விமானப் படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சி வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்த குழுவுக்கும், எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்த குழுவுக்கும் காயங்களில் சொல்லும்படி வேறுபாடு இல்லை. 2014-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், ஓட்டத்துக்குப் புதியவர்களான 927 பேருக்குச் சாதாரண ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். உள்பக்கம் சாயும் பாதம் உடையவர்கள் அதிகம் காயப்படவில்லை. எதிர்த்திசையில் ஒரு முடிவும் உண்டு: லக்சம்பர்க்கில் 372 பேரிடம் நடந்த சோதனையில், சாயும் பாதத்துக்குச் சாய்வைத் தடுக்கும் ஷூ உதவியது. ஆக விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் சாய்வினால் எந்த வலியும் இல்லாத ஒருவருக்கு, அவர் கேட்காத சாய்வுக்கு வைத்தியம் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உட்கார்ந்திருக்கும்போதும் மரத்துப்போகிறதா, இரவில் எரிகிறதா, சர்க்கரை உண்டா என்று கேட்டேன். எதற்கும் ஆம் இல்லை. ஷூவைக் கழற்றிய சில நிமிடங்களில் உணர்வு முழுதாகத் திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்பாதிருந்தால் நான் ஷூவைத் தொட்டிருக்கவே மாட்டேன், மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

காலின் அளவு

ஓட்டம் முடிந்து வந்த மாலையில், நிற்க வைத்து, முழு எடையையும் ஒரே காலில் ஏற்றச் சொல்லி அளந்தேன். உட்கார்ந்து அளந்தால் கால் சுருங்கிக் காட்டும். எடை ஏறினால் வளைவு தாழ்ந்து நீளும், விரியும். ஓடினால் கொஞ்சம் வீங்கவும் செய்யும்.

வலது கால் 264 மி.மீ., இடது 260. இரண்டுக்கும் இப்படிச் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். வலது காலில் இரண்டாம் விரல் பெருவிரலைத் தாண்டி நீள்கிறது. அதனால் 264 என்பது இரண்டாம் விரல் நுனிவரை உள்ள நீளம். முன்பாதத்தின் அகலம் 101, அகலமான கால் என்று சொல்ல முடியாது. குதிகால் 61, நீளத்துக்கு ஒல்லியான குதிகால். புறங்கால் தாழ்வு.

இவற்றோடு நான் எப்போதும் எடுக்கும் ஓர் அளவு உண்டு, பலரும் எடுப்பதில்லை: குதிகால் பின்முனையிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரை. கால் மடங்குவது அந்த மூட்டில். 1920-களில் அமெரிக்காவில் சார்லஸ் பிரானக் உருவாக்கிய அளவுக் கருவி இன்றும் கடைகளில் கிடக்கிறது. அதன் பக்கவாட்டில் நகரும் சிறு பிடி இந்த மூட்டை அளக்கத்தான். அதைத் தொடாமலே விரல் நுனியை மட்டும் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான கால்களில் இந்த மூட்டு மொத்த நீளத்தில் 72, 73 சதவீதத்தில் வரும். இவருக்கு 187 மி.மீ., அதாவது 71-க்கும் சற்றுக் கீழே. நீண்ட விரல்களும் குட்டையான பின்பாதமும் கொண்ட கால். எண்ணை விரல் முடிவு செய்தால் ஷூவின் மற்ற பகுதிகள் எல்லாம் இவருக்குப் பெரிதாகிவிடும்.

ஷூவின் அளவு

முதல் வேலை, உள்ளே இருக்கும் இன்சோலை உருவி எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நிற்கச் சொல்வது. ஷூவுக்குள் காலைப் பார்க்க முடியாது, இதில் பார்க்கலாம். 9-ஆம் எண்ணின் இன்சோல் 282 மி.மீ. இரண்டாம் விரலுக்கு முன்னால் 18 மி.மீ. காலியிடம். வீட்டில் கிடந்த பழைய 8-ஐயும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்; அதன் இன்சோல் 274, காலியிடம் 10. கைக் கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும் என்ற வழக்கமான விதிக்கு 8-ஏ ஏறக்குறையப் போதும். விதியின் கணக்கில் முதலிலிருந்தே எண்ணில் பிழை இல்லை.

ஒரு முழு எண் கூட்டினால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் அளவில் ஓர் எண் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மி.மீ. நீளம் அவ்வளவு கூடுகிறது. ஆனால் முன்பாதத்தின் சுற்றளவு மரபுப்படி கால் அங்குலம்தான் கூடும், அதுவும் காலைச் சுற்றிப் பரவிவிடுவதால் அடியில் அகலமாகக் கிடைப்பது ஏறக்குறைய 2 மி.மீ. அகலம் பற்றவில்லை என்று எண்ணைக் கூட்டுபவர் 2 மி.மீ. அகலத்துக்காக 8 மி.மீ. நீளத்தைச் சேர்த்து வாங்குகிறார். நீளத்தோடு குதிகால் கிண்ணமும் பெரிதாகிறது, லேஸ் வரிசை முன்னே போகிறது, ஷூ மடங்கும் இடமும் முன்னே போகிறது.

இந்தக் கடைசி விஷயம்தான் இவருக்கு வினையாக வந்தது. 8-இல் ஷூவின் மிக அகலமான இடம் குதிகாலிலிருந்து 191 மி.மீ. தூரத்தில், அவர் மூட்டுக்கு 4 மி.மீ. முன்னால். 9-இல் அது 197, மூட்டுக்கு 10 மி.மீ. முன்னால். ஓடிப் பழகிய ஷூவின் மேல்துணியில் விழுந்திருக்கும் மடிப்புக் கோடே இதைக் காட்டியது: அவர் மூட்டுக்கு நேராக இல்லாமல், விரல்களுக்கு மேல் கோணலாக ஓடியது. கால் ஓரிடத்தில் மடங்க, ஷூ வேறோர் இடத்தில் மடங்க மறுத்தால், உந்தி எழும் நேரத்தில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் குதிகால். ஷூவைத் தரையில் விட்டுவிட்டு அது மட்டும் மேலே எழும்பும்.

தடித்த மிட்சோல், அதாவது காலுக்கும் அடிரப்பருக்கும் நடுவே உள்ள நுரை அடுக்கு, இதை மோசமாக்கும். மிட்சோல் உயரத்தை உலகத் தடகள அமைப்பு அளக்கும் முறைப்படி அளந்தேன்: உள்நீளத்தில் 12 சதவீதத்தில் குதிகால், 75 சதவீதத்தில் முன்பாதம். 37-ம் 29-ம் வந்தது, இரண்டுக்கும் உயர வித்தியாசம் 8 மி.மீ. 2020-இல் அந்த அமைப்பு சாலைப் போட்டிகளுக்கு வைத்த வரம்பு 40 மி.மீ.; ஒரு சாதாரணப் பயிற்சி ஷூ அந்த வரம்பை எட்டித் தொடும் காலம் இது. ஒரே பொருள் இரண்டு மடங்கு தடித்தால் அதை வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். நுரை மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுத்தினால் அமுங்குவது வேறு, மடக்கினால் மடங்குவது வேறு. கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பவர்கள் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். இந்த ஷூவின் முன்பகுதி மேல்நோக்கி வளைந்திருந்தது, மடங்குவதற்குப் பதில் உருண்டு போவதற்காக. நல்ல ஏற்பாடுதான், உருளத் தொடங்கும் இடம் காலின் மூட்டுக்கு நேராக விழுந்தால்.

அடுத்து குதிகால் பகுதி. இந்த மாடலில் பிடிக்காத இடம் என்று நான் விரல் வைப்பது இங்கேதான். பின்பக்கக் கடினத் தடுப்பை இரண்டு விரலால் அமுக்கினால் பாதி உயரத்துக்கு மேல் தொளதொளவென்று இருந்தது. காலரின், அதாவது கால் நுழையும் வாயைச் சுற்றிய பட்டையின், மேல்விளிம்பு குதிகால் தசைநாணை விட்டு வெளிப்பக்கமாக வளைந்திருந்தது; தசைநாணில் உரசக் கூடாதென்று செய்த வடிவம், பார்க்கவும் அழகு. ஆனால் விளிம்பு விலகிப் போனால், காலைப் பிடித்து வைக்கும் பொறுப்பு முழுவதும் கீழே உள்ள கிண்ணத்தின் மேல் விழுகிறது. அந்தக் கிண்ணமோ அகலம். 61 மி.மீ. குதிகால் அதில் இரண்டு பக்கமும் ஆடியது. இடது ஷூவின் உள் லைனிங்கில் பின்பக்க வெளி ஓரம் தேய்ந்து நூல் தெரிந்தது. அவர் கொப்புளத்தைக் காட்டியிருந்த இடமும் அதுவே. இடது கால் 4 மி.மீ. குட்டை என்பதால் அங்கே ஆட்டம் இன்னும் அதிகம்.

லேஸைக் கட்டச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பக்க ஓட்டை வரிசைகளும் ஏறக்குறைய ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. காலுக்கு ஏற்ற ஷூவில் கட்டி முடித்த பிறகும் வரிசைகளுக்கு நடுவே இரண்டு விரல் போல இடைவெளி இருக்கும். ஒட்டுகிறது என்றால் ஷூவுக்குள் இருக்கும் கொள்ளளவு காலுக்கு மிகை, இனி எவ்வளவு இழுத்தாலும் பிடி கிடைக்காது, அழுத்தம்தான் கிடைக்கும். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கும் மெல்லியது. லேஸின் நடுக் குறுக்குக் கட்டு அவர் புறங்காலின் மேடான இடத்தின்மேல் நேராக உட்கார்ந்திருந்தது. ஷூவைக் கழற்றியபோது சாக்ஸையும் தாண்டித் தோலில் அதன் வரி தெரிந்தது. பேனாவால் போட்ட முக்கோணத்தை நோக்கிப் போகும் நரம்பு அந்த வரியின் அடியில்தான் போகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாக. அடிரப்பர் குதிகாலின் வெளி ஓரத்தில் தேய்ந்திருந்தது, குதிகாலை முதலில் ஊன்றுபவர்களுக்கு அது இயல்பு. மேல்துணி காற்றோட்டமானது, விரல் பகுதி தாராளம், தையல் எதுவும் உள்ளே துருத்தவில்லை. எடை 290 கிராமை ஒட்டி. எடையைப் பற்றி அவருக்கு மிகுந்த கவலை இருந்தது. ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் ஓடும் சக்திச் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இரண்டு மாடல்களுக்கு நடுவே இருக்கும் பத்து இருபது கிராமுக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

ஓடவைத்துப் பார்த்தது

நின்று பார்க்கும் பொருத்தம் ஷூ மாட்டும் பெஞ்சோடு முடிந்துவிடும். சாக்ஸ் மீது காலர் விளிம்பை ஒட்டி மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பின்னால் நின்று ஸ்லோமோஷனில் படம் எடுத்தேன். 9-இல் ஒவ்வோர் அடியிலும் உந்தி எழும்போது கோடு காலருக்கு மேலே ஏறி இறங்கியது, ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் பருமன். நிமிடத்துக்கு 160-க்கு மேல் அடிகள். அதில் பாதி ஒரு காலுக்கு. ஒரு மணி நேர ஓட்டத்தில் ஐயாயிரம் தடவை ஒரே இடத்தில் உரசல் என்றால் கொப்புளம் வராமல் என்ன செய்யும்.

நகத்துக்கு வேறு சோதனை. சாக்ஸ் நுனியில், இரண்டாம் விரலுக்கு மேல், நீலச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஒரு சரிவில் இறங்கி ஓடச் சொன்னேன். திரும்பி வந்ததும் கைபேசி வெளிச்சத்தில் ஷூவின் உள்முனையைப் பார்த்தால் நீலப் பொட்டு. முன்னால் 18 மி.மீ. காலியாக இருந்த ஷூவில்! நுனியில் இடம் இல்லாததால் விரல் இடிக்கவில்லை. பிடி இல்லாததால் கால் முழுவதும் முன்னால் வழுக்கிக்கொண்டு போய் இடித்தது. இடம் கூடினால் வழுக்கும் தூரம் கூடுமே தவிர, வழுக்கல் நிற்பதில்லை. ஒன்பதரை வாங்கியிருந்தால் இன்னும் வேகமெடுத்துப் போய் இடித்திருக்கும்.

அதோடு சங்கிலி முழுதும் கைக்கு வந்தது. குதிகால் பிடிக்கவில்லை, கால் முன்னே போகிறது, நகம் இடிக்கிறது. முன்னே போவதை நிறுத்த லேஸை இறுக்குகிறார், நரம்பு நசுங்குகிறது, விரல் மரத்துப்போகிறது. இறுக்கியும் குதிகால் எழும்புகிறது, கொப்புளம். மூன்று புகாருக்கும் வேர் ஒன்று.

சரி, 8-இலேயே முதலில் நகம் ஏன் கறுத்தது? அது அவர் ஷூ மாட்டும்போது தெரிந்துவிட்டது. லேஸை அவிழ்ப்பதே இல்லை. கட்டியது கட்டியபடி இருக்க, காலரைப் பிடித்து இழுத்துக் காலை நுழைத்துக்கொள்கிறார். “எப்பவும் இப்படித்தான் சார், செருப்பு மாதிரி.” கால் நுழையுமளவு தளர்வாக இருக்கும் முடிச்சு சரிவில் காலைப் பிடிக்காது. காலரை மிதித்து மிதித்துத்தான் பழைய ஜோடியின் பின்தடுப்பும் துவண்டிருந்தது.

சொகுசை எண்ணாக்குவது

ஆராய்ச்சியில் சொகுசை அளக்க 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்; ஒரு முனை ‘சகிக்கவில்லை’, மறுமுனை ‘இதற்கு மேல் சொகுசு இல்லை’, நடுவில் எங்கே என்று குறிக்க வேண்டும். கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக்கின் குழு இதை நிறையப் பயன்படுத்தியது. நிக் 2015-இல் முன்வைத்த கருத்து பரவலாகப் பேசப்பட்டது: ஓடுபவர் தனக்குச் சொகுசாக இருப்பதைத் தேர்ந்தால், காயத்தைத் தவிர்க்கும் வடிகட்டியாக அதுவே வேலை செய்யக்கூடும். அதற்கு அடிப்படையான ஒரு சோதனை 2001-இல் வந்தது. 206 ராணுவ வீரர்கள். ஒரு பகுதியினர் ஆறு வகை இன்சோல்களில் தங்களுக்குச் சொகுசானதைத் தாங்களே தேர்ந்தார்கள், மற்றவர்களுக்கு எதுவும் தரப்படவில்லை. தேர்ந்தவர்களிடம் காயம் குறைவு. ஆனால் அது தேர்ந்தெடுத்ததன் பலனா, இன்சோலின் பலனா என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ‘சொகுசே போதும்’ என்று முழங்குபவர்களோடு நான் பாதி தூரம்தான் போவேன்.

இவரிடம் கேட்டபோது, நின்ற நிலையில் குதிகால் மென்மைக்கு 92, முன்பாதத்துக்கு 85 குறித்தார். நீண்ட ஓட்டத்தின் முடிவிலும் அவை பெரிதாக இறங்கவில்லை, 84-ம் 80-ம். இறங்கியது வேறு இடம்: புறங்காலுக்குத் தனியாக ஒரு கோடு கொடுத்திருந்தேன், தொடக்கத்தில் 70, முடிவில் 21. ஓட்டக் காலணிக்கென 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீட்டுத் தாள் ஒன்று இருக்கிறது. குதிகால் மென்மை, முன்பாத மென்மை, நிலைத்தன்மை, முன்பகுதி வளையும் தன்மை என நான்கே கேள்விகள். சிக்கனமான, நல்ல கருவி. ஆனால் அதை மட்டும் கொடுத்திருந்தால் மென்மைக்கான இரண்டு கேள்விகளிலும் இந்த ஷூ கொடி நாட்டியிருக்கும், புறங்காலின் 21 எங்குமே பதிவாகியிருக்காது. மேல்பகுதிக்கு, அதுவும் வலது இடது தனித்தனியாக, ஓட்டத்தின் முடிவில், ஒரு கோடு கட்டாயம் வேண்டும்.

மாற்றியவை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம், எது வேலை செய்தது என்று தெரிய வேண்டுமே.

முதலில் லேஸ், காசில்லாத வைத்தியம். கணுக்காலை ஒட்டி மேலே, மற்ற வரிசையிலிருந்து சற்று ஒதுங்கி ஒரு கடைசி ஓட்டை இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். லேஸை அதே பக்கத்திலேயே அந்த ஓட்டைக்குள் நுழைத்துச் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் செலுத்திக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்தால், பிடி குதிகாலுக்குப் போகிறது. மேலே பிடித்துவிட்டதால் கீழே தளர்த்தலாம். புறங்கால் மேட்டின்மேல் வந்த குறுக்குக் கட்டை நீக்கி, அங்கே மட்டும் லேஸை நேராக மேலே ஏற்றினோம். மார்கோ ஹாகனும் எவல்ட் ஹென்னிக்கும் 2009-இல் 20 ஓட்டக்காரர்களை வைத்து லேஸ் கட்டும் முறைகளை ஒப்பிட்டார்கள். எல்லா ஓட்டைகளிலும் இறுக்கமாகக் கட்டியபோது தரை மோதும் விசை ஏறும் வேகமும் பாதம் சாயும் வேகமும் குறைந்தன. லேஸ் வெறும் கயிறு அல்ல என்பதற்கு அது போதும். இவருக்கு இறுக்கம் எல்லா இடத்திலும் வேண்டாம், மேலே மட்டும் போதும் என்பதுதான் வித்தியாசம்.

9-இலேயே இதைச் செய்தபோது மரத்துப்போவது உடனே தணிந்தது. நீண்ட ஓட்டத்தின் முடிவில் புறங்காலுக்கு 68 குறித்தார். குதிகால் எழும்புவது பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. சரிவில் சாக்பீஸ் இன்னும் லேசாகப் பட்டது.

அதே கட்டோடு பழைய 8. சரிவில் இறங்கி வந்தார், உள்முனையில் நீலம் இல்லை. 10 மி.மீ. இடம் இருந்த ஷூவில் விரல் இடிக்கவில்லை, 18 இருந்ததில் இடித்தது. அவர் இரண்டு ஷூவுக்குள்ளும் மாறி மாறி விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனாலும் 8-ஐத் தொடரச் சொல்ல முடியவில்லை. பின்தடுப்பு துவண்டுவிட்டது, நுரையும் குதிகால் பக்கம் சுருக்கம் விழுந்து செத்துக் கிடந்தது. இடது குதிகால் அதிலும் ஆடியது.

இடது காலுக்குத் தடித்த சாக்ஸ் முயன்றோம். கொஞ்சம் உதவியது, ஆனால் அந்தச் சாக்ஸ் முன்பாதத்தையும் நெருக்கியது. குதிகாலில் ஒட்டும் திண்டு இரண்டு ஓட்டத்துக்கு மேல் இடத்தில் நிற்கவில்லை.

கடைசியாக வேறு மாடல், 8-ஆம் எண். தேடியது மூன்றே விஷயம்: குதிகால் கிண்ணம் ஒடுக்கமாக, காலர் வெளியே விலகாமல் உள்ளே தழுவுவதாக, மடங்கும் இடம் குதிகாலிலிருந்து 190-ஐத் தாண்டாமல். நுரை பழையதைவிட உறுதி. நின்று பார்த்தபோது குதிகால் மென்மைக்கு 74-தான் கொடுத்தார், முகத்திலும் ஏமாற்றம். “இது கொஞ்சம் கட்டையா இருக்கே சார்” என்றார். ஓடிவிட்டு வந்து 77 குறித்தார். புறங்கால் 81. லேஸ் வரிசைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. சாக்ஸ் கோடு காலரை விட்டு நகரவே இல்லை என்று சொல்ல முடியாது, இடதில் ஒரு நூல் அளவு ஏறியது. கொப்புளம் வரும் அளவுக்கு இல்லை.

கடையில் நின்று பார்த்தே முடிவெடுத்திருந்தால் 92 வாங்கிய ஷூதான் வீட்டுக்குப் போயிருக்கும்.

இன்னும் தெரியாதவை

மரத்துப்போவதும் கொப்புளமும் நின்றுவிட்டன; அவற்றுக்குக் காரணத்தை உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் பழைய முறையில் லேஸைக் கட்டச் சொன்னபோது மரத்துப்போவது திரும்பி வந்தது. நகம் அப்படி அல்ல. கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ.தான் வளரும். பழைய கறுப்பு முன்னால் நகர்ந்து வெட்டுப்பட ஓராண்டுக்கு மேலாகலாம். அதற்குள் அடியிலிருந்து புதிதாகக் கறுப்பு ஏறாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். புதிய ஷூவின் காலர் பஞ்சு சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகும் இதே பிடியைக் கொடுக்குமா என்பதும் பார்க்க வேண்டியது. லேஸை அவிழ்க்காமல் காலை நுழைத்தால் கொடுக்காது. அதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே தலையாட்டினார், செய்வாரா தெரியாது.

போகும்போது போட்டிக்கென்று கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கலாமா என்று கேட்டார். அவற்றில் முன்பகுதி மடங்கவே மடங்காது, உருளும் இடம் ஒரே இடம்தான்; மேல்துணி காகிதம் போல, பின்தடுப்பு பல மாடல்களில் பெயருக்குத்தான். இவர் காலுக்கு எங்கெங்கே தொல்லை வந்ததோ அங்கெல்லாம் அவை இன்னும் கறாராக நடந்துகொள்ளும். வாங்குவதானால் சாக்பீஸோடும் மார்க்கரோடும் கடைக்குப் போங்கள், சரிவில் ஓடிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள் என்றேன்.